சீஸைச் சோதிப்பதா, வடிதுணியைச் சோதிப்பதா?

போர்த்துக்கேயர் நமக்குக் ‘குசினி’ என்ற சொல்லைத் தந்துவிட்டுப் போனார்கள். அவர்களிடமிருந்து 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் 1795 வரை இங்கே இருந்தார்கள். நெடுந்தீவுக்கு டெல்வ்ற், வேலணைக்கு லெய்டன், காரைதீவுக்கு அம்ஸ்டர்டாம் என்று தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். தோம்பு எழுதினார்கள், 1707இல் தேசவழமையைத் தொகுப்பித்தார்கள். ஆனால் சீஸுக்குப் பேர்போன அந்த நாட்டாரின் சீஸ் நம்முடைய குசினிக்குள் வரவேயில்லை. இந்த வெக்கையில் பாலைக் காக்க நம்மிடம் ஏற்கெனவே வழி இருந்தது: உறைவிட்டால் தயிர், கடைந்தால் மோர், உருக்கினால் நெய். சீஸ் திரட்டக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனெட் வேண்டும் என்றால், சைவக் குசினி அதை வாசலிலேயே மறித்துவிடும்.

இன்று நிலைமை வேறு. கல்யாண வீட்டு மரக்கறிச் சாப்பாட்டில் பன்னீர் ஒரு கறியாகிவிட்டது. நகரத்துச் சுப்பர்மார்க்கெட்டின் குளிர்த்தட்டில் தெற்கிலிருந்து வரும் சீஸ் அடுக்கிக் கிடக்கிறது. ஐந்தாறு லீற்றர் பசுப்பாலில் ஒரு கிலோ பன்னீர் திரளும் என்று தெரிந்தவருக்கு, பாலைப் பாலாகவே விற்பதைவிட இது நல்ல வருமானம் என்று கணக்குப் போட நேரமாகாது. தேசிக்காய்ப் புளியில் திரட்டுவதால் ரெனெட் சிக்கலும் இல்லை. ஆக, உள்ளூர்ச் சீஸ் வேண்டுமா என்று கேட்கும் காலம் போய்விட்டது. அதில் நோய்க்கிருமி இல்லை என்று யார், எதை வைத்து, எப்படிச் சொல்வது என்பதே இப்போது கேட்கவேண்டியது. இந்தக் கேள்வியின் பல பக்கங்களையும் ஒருமுறை சுற்றிப் பார்ப்பதே இக்கட்டுரை.

தயிருக்கு இருக்கும் காவல்

நம்மவர்கள் சீஸைத் தயிரின் தங்கச்சி என்று நினைப்பதுண்டு. அந்த நினைப்பில்தான் முதல் ஆபத்து இருக்கிறது. தயிருக்குப் புளிப்பு என்ற காவல் உண்டு. நன்றாக உறைந்த தயிரின் பி.எச். 4.5 அளவுக்கு இறங்கிவிடும். அந்தப் புளிப்பில் பெரும்பாலான நோய்ப் பற்றீரியாக்கள் பெருக முடியாமல் திணறும். கட்டிச் சீஸுக்கு வேறு காவல்கள்: உப்பு, ஈரக்குறைவு, மாதக்கணக்கில் முதிரவிடும் காலம். அமெரிக்கா 1949இல், காய்ச்சாத பாலில் செய்த சீஸைக் குறைந்தது 60 நாள் முதிரவைத்த பிறகே விற்கலாம் என்று விதித்தது இந்த முதிர்ச்சியை நம்பித்தான்.

பன்னீருக்கும் புதிதாகத் திரட்டிய மென்சீஸுக்கும் இவற்றில் எதுவும் சரியாகக் கிடையாது. ஈரம் நிறைய, உப்புக் குறைவு, புளிப்பும் போதாது. பற்றீரியாவின் கண்ணால் பார்த்தால் அது விரித்துவைத்த பந்தி. பன்னீருக்கு ஒரு நற்பேறு மட்டும் உண்டு. அதைத் திரட்டப் பாலை 80, 90 பாகை செல்சியஸ் வரை சூடாக்குகிறோம். பாச்சர்முறைக்கு 63 பாகையில் 30 நிமிடம் அல்லது 72 பாகையில் 15 செக்கன் போதும். அதைவிடப் பலமடங்கு கடுமையான சூடு இது. வித்துருவில் ஒளிந்திருக்கும் சில பற்றீரியாக்களைத் தவிர மற்றவை சட்டிக்குள்ளேயே செத்துவிடும். ஆகவே நல்ல முறையில் செய்த பன்னீரில் நோய்க்கிருமி இருந்தால், அது பாலோடு வந்ததாக இருக்க வாய்ப்புக் குறைவு. இறக்கிய பிறகு எங்கோ ஏறியிருக்கிறது என்பதே பொருள். கட்டுரை முழுவதற்கும் இந்த ஒரு செய்தி தேவைப்படும், நினைவில் வைத்துக்கொள்வோம்.

யாரைத் தேடுகிறோம்

உலகெங்கும் சீஸில் தேடப்படும் பற்றீரியாக்கள் பல. நமது மண்ணுக்குப் பொருந்துமாறு நான்கைந்தை வரிசைப்படுத்தலாம்.

முதலாவது ஸ்டெபிலோகொக்கஸ் ஓரியஸ். மடிநோய் கண்ட பசுவின் பாலிலிருந்தும், சீஸைப் பிசையும் கையில் உள்ள புண்ணிலிருந்தும், தும்மலிலிருந்தும் வரும். ஒரு கிராமில் இலட்சத்தை எட்டிவிட்டால் அது கக்கும் நஞ்சே ஆளை வீழ்த்தப் போதும். சாப்பிட்ட சில மணிநேரத்தில் வாந்தி தொடங்கிவிடும். பற்றீரியாவைச் சூடு கொன்றாலும் அந்த நஞ்சைக் கொதிநீர் அழிக்காது. “எதற்கும் ஒருக்கால் கொதிக்கவைத்துவிட்டால் சரி” என்ற குசினி ஞானம் தோற்கும் இடம் இது.

இரண்டாவது ஈ. கோலையும் அதன் கூட்டமும். இவை மலக்கலப்பின் அடையாளம். சுண்ணாம்புக்கல் மேல் அமர்ந்திருக்கும் குடாநாட்டில் கிணறும் மலக்குழியும் பெரும்பாலும் ஒரே வளவுக்குள்ளேயே இருக்கின்றன. வெடிப்பும் பொந்துமான அந்தக் கல் தண்ணீரை வடிகட்டி அனுப்புவதில்லை. வந்த வேகத்திலேயே கீழே இறக்கிவிடும். 100 மில்லிலீற்றர் குடிநீரில் ஈ. கோலை ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பது விதி. சீஸ்ச் சட்டியைக் கழுவும் தண்ணீரும் அதே கிணற்றுத் தண்ணீர்தான்.

மூன்றாவது சல்மொனெல்லா. இதன் குடும்பத்து டைபி வகை தரும் நெருப்புக்காய்ச்சல் யாழ்ப்பாணத்துக்குப் பழகிய பெயர். நாட்டில் அந்நோய் அதிகம் பதிவாகும் மாவட்டங்களில் நமது மாவட்டமும் ஒன்று. காய்ச்சல் மாறிய பிறகும் சிலர் மாதக்கணக்கில் அந்தக் கிருமியைச் சுமந்து திரிவார்கள். அப்படியானவர் உணவு செய்யும் இடத்தில் நின்றால் சீஸ் மட்டுமல்ல, எதுவுமே தப்பாது.

நான்காவது புரூசெல்லா. இதைப் பேசும்போது மால்டாத் தீவு நினைவுக்கு வரவேண்டும். நம்மைப் போலவே சுண்ணாம்புக்கல் நிலம், நம்மைப் போலவே ஆடு வளர்க்கும் சனம். அங்கிருந்த ஆங்கிலப் படைவீரரை வாட்டிய காய்ச்சலின் கிருமியை 1887இல் டேவிட் புரூஸ் கண்டறிந்தார். அது எங்கிருந்து வருகிறது என்று தெரிய மேலும் 18 ஆண்டுகள் பிடித்தன. 1905இல் மால்டா வைத்தியரான தெமிஸ்டோக்கிளிஸ் சம்மிட், பார்வைக்குக் கொழுகொழுவென்று நின்ற ஆடுகளில்தான் அது குடியிருக்கிறது என்று காட்டினார். அடுத்த ஆண்டு படையினருக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது, காய்ச்சலும் அடங்கியது. ஜமுனாபாரி ஆட்டைச் செல்லமாக வளர்க்கும் ஊரில் நாளைக்கு ஒருவர் ஆட்டுப்பால் சீஸ் செய்ய நினைத்தால், அவர் முதலில் கேட்கவேண்டிய கதை இது.

கடைசியாக லிஸ்டீரியா மொனோசைட்டோஜீன்ஸ். இதைத் தனியே வைத்துப் பேசக் காரணம், இது குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் வளரும். மற்றக் கிருமிகளைத் தூங்கவைக்கும் 4 பாகைக் குளிரில் இது மெல்ல மெல்லப் பெருகும். திடகாத்திரமானவர் தின்றால் ஒன்றும் தெரியாமலே போகலாம். கர்ப்பிணி தின்றால் வயிற்றுப் பிள்ளை போய்விடவும் கூடும். தின்றதற்கும் நோய் வெளிப்படுவதற்கும் இடையே 70 நாள் வரை கழியலாம். அத்தனை நாளைக்கு முன் தின்ற ஒரு துண்டுச் சீஸை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? 1985இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் மெக்சிக்கோப் பாணி மென்சீஸால் 142 பேர் நோயுற்றார்கள். 48 பேர் இறந்தார்கள். இறந்தவரில் 30 பேர் கருவிலிருந்தவரும் பிறந்த சிசுக்களும். காய்ச்சிய பாலோடு காய்ச்சாத பால் கலந்திருந்ததை விசாரணை சுட்டிக்காட்டியது.

ஆய்வுக்கூட மேசையில்

சீஸ் ஆய்வுக்கூடத்துக்குப் போனால் என்ன நடக்கும்? லிஸ்டீரியாத் தேடலையே எடுத்துக்கொள்வோம். தொற்றுநீக்கிய கத்தியால் 25 கிராம் வெட்டி, தொற்றுநீக்கிய பைக்குள் போடுவார்கள். அதோடு 225 மில்லிலீற்றர் ஊட்டக்கரைசல் சேரும். பையை ஒரு பொறிக்குள் வைத்தால் இரண்டு தகடுகள் மாறி மாறி அதை மிதிக்கும். சீஸ் கரைந்து பால்போலாகிவிடும். அதை 30 பாகையில் ஒரு நாள் வைப்பார்கள். மற்றப் பற்றீரியாக்களை அமுக்கி லிஸ்டீரியாவை மட்டும் தலைதூக்கவிடும் மருந்துகள் அந்தக் கரைசலில் உண்டு. பிறகு அதில் கொஞ்சம் எடுத்து, இன்னும் கடுமையான கரைசலில் 37 பாகையில் மற்றொரு நாள். அதன்பின் ஏகார்த் தட்டில் கோடிழுத்துப் பரப்பி மேலும் ஓரிரு நாள் காத்திருப்பார்கள். நீலப்பச்சைப் புள்ளியும் அதைச் சுற்றிப் பாலேடு போன்ற வெண்வட்டமும் தெரிந்தால் நெஞ்சு திக்கென்னும். அப்போதும் முடிவு எழுதமாட்டார்கள். உறுதிச் சோதனைகள் மிச்சம் இருக்கின்றன.

எல்லாம் முடிய ஏறத்தாழ ஒரு வாரம். குளிரில் வைத்த பன்னீரின் ஆயுளும் ஏறத்தாழ ஒரு வாரம். அறிக்கை வந்து சேரும்போது அந்தச் சீஸ் யாரோ ஒருவர் வயிற்றில் இருக்கும்.

சல்மொனெல்லாவுக்கும் இப்படியே 25 கிராம், பல நாள். கருநடு கொண்ட சிவப்புப் புள்ளிகளைத் தேடுவார்கள். ஸ்டெபிலோகொக்கஸுக்கு எண்ணிக்கை வேண்டும். கருமை படர்ந்த பளபளப்பான புள்ளிகளை எண்ணுவார்கள். சோதனை ஒவ்வொன்றுக்கும் தனி ஊடகம், தனி வெப்பம், தனிச் செலவு. “கிருமி இருக்கா இல்லையா எண்டு பாத்துத் தாங்கோ” என்று ஒரு பொதியை நீட்டுபவர், உண்மையில் நான்கைந்து வேறு வேறு கேள்விகளைக் கேட்கிறார்.

ஐந்து பொதியின் கணக்கு

சோதனை நேரத்துக்கு முடிந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அது எவ்வளவு நம்பகமானது? ஒரு தொகுதியில் ஐந்து பொதிகளைச் சோதித்து ஐந்திலும் கிருமி இருக்கக்கூடாது என்பது உலகில் பரவலாக உள்ள வழக்கம். நூறு பொதியில் ஐந்தில் லிஸ்டீரியா இருக்கிறது என்று எண்ணுங்கள். ஐந்து பொதி எடுத்துச் சோதித்தால் அதைப் பிடிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 23 வீதம். நூறில் ஒன்றில் மட்டும் இருந்தால் 5 வீதம். அதாவது, கெட்ட தொகுதிகளில் இருபதுக்குப் பத்தொன்பது ‘சுத்தம்’ என்ற சான்றோடு வெளியே போகும். நூறில் ஐந்து என்ற நிலையைக்கூட 95 வீத உறுதியோடு பிடிக்க 60 பொதி சோதிக்கவேண்டும். நாளுக்கு 30 பொதி செய்பவரிடம் போய் 60 கேட்க முடியுமா?

இந்தக் கணக்கைக் காட்டி, ஆய்வுக்கூடமே வீண் என்று சொல்பவர்களும் உண்டு. ஆய்வறிக்கையைச் சட்டம்போட்டுச் சுவரில் மாட்டிவிட்டால் போதும் என்பவர்களும் உண்டு. இருவரும் கணக்கை அரைவாசியே படித்திருக்கிறார்கள். முடிந்த சீஸில் கிருமியைத் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவது. ஆனால் ஊசி எந்தக் கதவால் உள்ளே வருகிறது என்று தெரிந்தால் அந்தக் கதவடியில் காத்திருக்கலாம்.

சுவிற்சர்லாந்தின் வோ மாநிலத்தில் 1983 முதல் 1987 வரை வஷரான் மொன்டோர் என்ற மென்சீஸால் 122 பேருக்கு லிஸ்டீரியா தொற்றி 34 பேர் இறந்தார்கள். கிருமி குடியிருந்த இடம் சீஸை முதிரவைக்கும் மரத்தட்டுகளும் அவற்றைத் துலக்கும் தூரிகைகளும். அங்கே தட்டு, நமது பன்னீர்க் குசினியில் வடிதுணி.

தொலைவும் மின்சாரமும் சட்டமும்

1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமே இலங்கையில் உணவுப் பாதுகாப்பின் அடித்தளம். அதைத் தெருவில் நடைமுறைப்படுத்துபவர் நமது பொதுச் சுகாதாரப் பரிசோதகர். கடைக்குள் போகவும் மாதிரி எடுக்கவும் நீதவான் முன் நிறுத்தவும் அவருக்கு அதிகாரம் உண்டு. கால்நடை வைத்தியரின் அதிகாரம் மாட்டுத் தொழுவத்தில். இருவருக்கும் இடையே, பால் சீஸாகும் அந்தக் குசினி இருக்கிறது. தொழுவத்தில் மடிநோய் என்பது ஒரு கோப்பில், கடையில் வாந்தி என்பது இன்னொரு கோப்பில். இரண்டையும் சேர்த்துப் படிப்பவர் அருமை.

பற்றீரியாச் சோதனைக்குப் பேர்பெற்ற இடங்கள் தெற்கிலேயே இருக்கின்றன. 1900இல் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் கொழும்பு பொரளையில். கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் கண்டிக்கருகே கன்னொறுவையில். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இரசாயனத்துக்கு எடுத்த மாதிரி வழியில் பெரிதாக மாறாது. பற்றீரியாவுக்கு எடுத்த மாதிரி உயிருள்ளது. பனிக்கட்டி உருகினால் எண்ணிக்கை ஏறும். தேடும் கிருமி மற்றவற்றால் மூடுண்டு போகவும் கூடும். கொழும்பில் திறக்கும் பெட்டிக்குள் இருப்பது யாழ்ப்பாணத்துச் சீஸா, ஏ9 வீதியின் வெயிலா என்று கேட்கலாம். இங்கேயே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மருத்துவ பீடம் நகரத்தருகிலும் விவசாய பீடம் ஆனையிறவைத் தாண்டிக் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் இருக்கின்றன. பற்றீரியா வளர்க்கத் தெரிந்த கைகள் இரண்டிலும் உண்டு. அந்தக் கைகளைச் சிறு உற்பத்தியாளரின் பன்னீர்ச் சட்டியோடு தொடர்ந்து இணைக்கும் ஏற்பாடே வேண்டியிருப்பது.

மின்சாரத்தை மறக்கலாகாது. தொண்ணூறுகளில் ஆண்டுக்கணக்கில் மின்கம்பத்தில் மின்சாரம் இல்லாமல் வாழ்ந்தவர்கள் நாம். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. அன்று கடைக் குளிர்த்தட்டில் கிடந்த எந்த மென்சீஸுக்கும், போன கிழமை பெற்ற ஆய்வறிக்கை ஒரு பழங்கடிதம். சோதனை சொல்வது மாதிரி எடுத்த நிமிடத்து நிலையை மட்டும்.

சோதனையும் சறுக்கும்

அறிக்கை தவறாகவும் இருக்கலாம். 2013 ஓகஸ்டில் நியூசிலாந்தின் பொன்டெரா நிறுவனம், தனது மோர்ப்புரதத்தில் பொட்டுலிசம் தரும் பற்றீரியா இருக்கலாம் என்று அறிவித்தது. உலகம் அதிர்ந்தது, பல நாடுகளில் பொருள்கள் கடையிலிருந்து இறக்கப்பட்டன. அந்த மாதக் கடைசியில், இருந்தது அதன் நெருங்கிய உறவான தீங்கற்ற குளொஸ்ட்ரிடியம் ஸ்போரோஜீன்ஸ் என்று தெரியவந்தது. முதற் சோதனை இரண்டையும் பிரித்தறியவில்லை. அதே மாதத்தில் இலங்கையில் அதே நிறுவனத்தின் அங்கர் பால்மாவில் டிசிடி என்ற இரசாயனம் இருக்கிறதா என்ற வழக்கும் தடையும் வேறு. அங்கே உள்ளூர்ச் சோதனை முடிவையே நிறுவனம் மறுத்தது. அங்கர்த் தேத்தண்ணி குடித்துக்கொண்டே நாம் எல்லோரும் செய்தி கேட்டோம், எந்த அறிக்கையை நம்புவது என்று தெரியாமல்.

சுன்னாகக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த விவகாரத்திலும் ஒரு குழுவின் அறிக்கைக்கு இன்னொன்று எதிராக நின்றது. வழக்கு உயர்நீதிமன்றம் வரை போய் 2019இல்தான் தீர்ப்பு வந்தது. இவற்றிலிருந்து ஒன்று கற்றுக்கொள்ளலாம். யார் மாதிரி எடுத்தார், எப்படிக் கொண்டுபோனார், எந்த முறையில் பார்த்தார் என்பது எழுத்தில் இல்லாத அறிக்கை, சண்டைக்கு விறகாகுமே ஒழிய நோய்க்கு மருந்தாகாது.

வடிதுணியைப் பிடி

அப்படியென்றால் குடாநாட்டுக்கு ஏற்ற சோதனை எது? என் வாதம் இது: சோதனையின் பெரும்பங்கைச் சீஸிலிருந்து எடுத்து, சீஸ் வரும் வழியில் வைக்கவேண்டும்.

வழியின் தொடக்கம் பால் வாங்கும் இடம். பால்மானியால் தண்ணீர்க் கலப்பைப் பார்ப்பது பால் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பழக்கம். அதோடு மெதிலீன் நீலச் சோதனையையும் சேர்க்கலாம். குழாயில் பாலும் ஒரு மில்லிலீற்றர் நீலச்சாயமும் விட்டு 37 பாகை வெந்நீரில் நிறுத்தினால், பற்றீரியா மிகுந்த பால் அரைமணிக்குள் நிறமிழந்துவிடும். நல்ல பால் ஐந்து மணிநேரம்கூட நீலமாகவே நிற்கும். இதற்குக் கொழும்பு வேண்டாம். ஒரு மேசையும் மணிக்கூடும் போதும். புரூசெல்லாவுக்குப் பசுப்பாலில் வளையச் சோதனை இருக்கிறது. ஆட்டுக்கு அது சரிவராது. கால்நடை வைத்தியர் இரத்தம் எடுத்துத்தான் பார்க்கவேண்டும்.

அடுத்தது சூடு. பாலில் இயல்பாக உள்ள பொஸ்பற்றேஸ் என்ற நொதியம், நோய்க்கிருமிகள் சாகும் சூட்டுக்குச் சற்றுமேல் அழியும். காய்ச்சிய பாலில் அது மிஞ்சியிருந்தால், ஒன்றில் சூடு போதவில்லை, அல்லது பச்சைப்பால் கலந்திருக்கிறது. லொஸ் ஏஞ்சலிஸில் நடந்தது போன்ற கலப்பைக் காட்டிக்கொடுக்கும் சோதனை இது. ஒரு நாளுக்குள் முடியும். அதற்கு முன் நல்ல வெப்பமானி ஒன்றும், பார்த்த அளவை எழுத ஒரு கொப்பியும் வேண்டும். “கொதிச்சது” என்பது அளவல்ல.

மூன்றாவது கிணறு. மழை பிடித்ததும் ஒருமுறை, கோடையில் ஒருமுறையாவது ஈ. கோலைக்குச் சோதித்து, வேண்டுமானால் குளோரின் இடவேண்டும்.

நான்காவது வடிதுணி. 90 பாகைச் சூட்டைத் தாண்டி வந்த பாலை முதலில் தொடுவது அந்தத் துணி. பிறகு கை, பிறகு பாரம் வைக்கும் கல், பிறகு வெட்டும் பலகை, பிறகு கழுவுநீர் தேங்கும் வடிகால். இந்த ஐந்திலும் பஞ்சால் ஒற்றி எடுத்து லிஸ்டீரியாக் குடும்பத்தைத் தேடினால், ஐந்து பொதிச் சீஸில் தேடுவதைவிடக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு அதிகம். கண்டுபிடித்தாலும் யாருடைய தொழிலும் மூடவேண்டியதில்லை. துணியை ஒவ்வொரு முறையும் கொதிநீரில் அவித்து, வெயிலில் காயவிட்டு, பலகையை மாற்றி, வடிகாலைத் துலக்கி மறுபடி ஒற்றிப் பார்க்கலாம். குற்றம் கண்டுபிடிக்கும் சோதனைக்கும் குறை கண்டுபிடிக்கும் சோதனைக்கும் வேறுபாடு இதுதான். முதலாவதைச் சிறு உற்பத்தியாளர் ஒளிப்பார். இரண்டாவதைத் தானே கேட்டு வாங்குவார்.

சீஸை நேரடியாகச் சோதிப்பது வேண்டாம் என்று சொல்லவில்லை. மேலே சொன்ன நான்கும் ஒழுங்காக நடக்கின்றனவா என்று உரசிப்பார்க்க மாதத்துக்கோ பருவத்துக்கோ ஒரு முறை அது வேண்டும். நோய் கிளம்பினால் கட்டாயம் வேண்டும். அந்த வேலையைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் சங்கங்களோடு சேர்ந்து செய்யலாம். முடிவைப் பரிசோதகரும் கால்நடை வைத்தியரும் ஒரே கோப்பில் படிக்கவேண்டும். பொதியில் செய்த திகதியோடு, குளிரில் வைக்கவேண்டும் என்பதும், கர்ப்பிணிகள் சமைத்தே உண்ணவேண்டும் என்பதும் தமிழில் அச்சாகவேண்டும்.

இவ்வளவும் சிறியவர்களுக்குச் சுமையாகாதா என்ற கேள்வி நியாயமானது. வெப்பமானி, கொப்பி, இரண்டு மேலதிகத் துணி, வருடத்துக்கு இரண்டு தண்ணீர்ச் சோதனை என்பவை ஒருவர் தாங்கக்கூடியவை. ஆய்வுக்கூடச் செலவைத் தனியாள் தாங்க முடியாது. அது சங்கத்தின் தோளுக்கும் மாகாணத்தின் தோளுக்கும் உரியது. பாலைக் கூட்டாகச் சேகரிக்கத் தெரிந்த ஊருக்குச் சோதனையைக் கூட்டாகச் செய்வது புதிய வித்தையல்ல.

வாங்குபவருக்கும் ஒரு பங்கு உண்டு. “சேர்ட்டிபிக்கற் இருக்கா?” என்று கேட்டால், சுவரில் மாட்டிய பழைய தாளைக் காட்டுவார்கள். கேட்கவேண்டிய கேள்வி வேறு: “போன மாதம் உங்கட துணியை ஒற்றிப் பார்த்தனீங்களே, என்ன வந்தது?” அதற்கு முகம் சுளிக்காமல், கொப்பியை விரித்து, வந்ததையும் பிறகு செய்ததையும் காட்டுபவரின் பன்னீரை நம்பி வாங்கலாம்.